தேரடிப் பக்கத்து முட்டைக் கடை: உடைத்து ஊற்றிய குழம்புக்காகவே போகலாம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி, கடல் பக்கம் போகும் சந்துகளில் ஒன்றில் நுழைந்தால், பெயர்ப் பலகை இல்லாத ஒரு சின்னக் கடை. சாயந்தரம் ஆறு மணிக்குத் திறப்பார்கள், ஒன்பதரைக்குள் எல்லாம் காலி. பர்மா நூடுல்ஸான அத்தோ உண்டு, பர்மா நூடுல்ஸ் சூப்பான மொய்ங்கா உண்டு, மசாலா வைத்த முட்டை உண்டு, ஆம்லெட் உண்டு. இவற்றுக்காக யாரும் மெனக்கெட்டு வர வேண்டாம். பின்பக்க அடுப்பில் மண் சட்டியில் ஒரு முட்டைக் குழம்பு இருக்கும், அவித்த முட்டை போட்டது இல்லை, பச்சை முட்டையை உடைத்து ஊற்றியது. அதற்காக வாங்க. மணலியிலிருந்தோ மாதவரத்திலிருந்தோ பஸ் பிடித்து வந்தாலும் தகும்.

எட்டு மாசமாகப் போகிறேன். முதல் தடவை போனது அத்தோவுக்காகத்தான். கூட்டம் இருந்ததால் உள்ளே அடுப்புப் பக்கம் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார வைத்தார்கள், அதனால் அந்தச் சட்டி கண்ணில் பட்டது. கடை நடத்தும் அக்கா ஒரு முட்டையை எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி, நேராகக் குழம்பில் விடாமல் கிண்ணத்திலேயே உடைத்து, மூக்குக்குக் கிட்டே கொண்டு போய் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். அடுப்பைக் குறைத்தார். கரண்டியின் முதுகால் குழம்பை லேசாக அழுத்தி ஒரு பள்ளம் மாதிரி செய்து, அந்தப் பள்ளத்தில் முட்டையைச் சரித்து விட்டார், தட்டு போட்டு மூடினார், அவ்வளவுதான், அப்புறம் கரண்டியைத் தொடவே இல்லை. தட்டை எடுத்தபோது வெள்ளைக்கருவின் ஓரம் புளியின் நிறத்தை வாங்கிச் சுருங்கி நின்றது, மஞ்சள் கரு மட்டும் மேலே மெல்லிய தோல் கட்டி உருண்டையாக இருந்தது. அத்தோவை மறந்துவிட்டேன். அக்கா, எனக்கு அதில் ஒன்று என்று கேட்டேன்.

சோற்றில் போட்டு மஞ்சள் கருவை உடைத்தால் குழம்போடு கலந்து கெட்டியாகிறது. பூண்டு முழுப் பல்லாகக் கிடக்கிறது, சின்ன வெங்காயம் நன்றாக வதங்கி இருக்கிறது, நல்லெண்ணெய் வாசனை தூக்கலாக வருகிறது. காரம் கொஞ்சம் அதிகம்தான், குறைத்துத் தரச் சொன்னால் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி ஊற்றுவார்கள், ஆனால் அப்படிச் சாப்பிடாதீர்கள், புளிப்பு அமுங்கிப் போகிறது. அவித்த முட்டைக் குழம்பில் குழம்பு வேறு, முட்டை வேறு. கொஞ்ச நேரம் ஊறினால் வெள்ளைக்கருவுக்குள் உப்பு அவ்வளவாக இறங்காது. இதில் முட்டை வேகும்போதே குழம்பைக் குடித்துக்கொண்டு வேகிறது. ஒரு முட்டையோடு ஒரு கிண்ணம் 25 ரூபாய், சோறு 20 ரூபாய்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த ஒரு முட்டைக் கிண்ணத்துக்காக இல்லை. கடையில் இன்னொன்று இருக்கிறது, கேட்டால்தான் செய்வார்கள். "அக்கா, கலக்கி ஊற்றித் தாங்க" என்று கேட்க வேண்டும். இரண்டு முட்டையை அடித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, இரண்டு ஸ்பூன் வறுத்த கடலை மாவு சேர்த்து, கொதி அடங்கிய குழம்பின் மேல் சுற்றி ஊற்றி மூடிவிடுகிறார். ஐந்து நிமிஷத்தில் அது சட்டியின் மேலே மெத்தென்று ஒரு அடை மாதிரி திரண்டு நிற்கும். கரண்டியின் விளிம்பால் அதை ஆறு துண்டாகப் போட்டு, குழம்போடு அள்ளித் தருகிறார். 60 ரூபாய். இரண்டு முட்டையில் நாங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டோம், ஒரு துண்டு மிச்சம்.

அந்தத் துண்டை வாயில் வைத்ததும் எனக்கு எங்கள் ஆயா வீடு ஞாபகம் வந்தது. ஆயா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதன் கைக்குழம்பை நான் அதற்குப் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை.

ஆயா பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவொற்றியூர்தான். அப்போது இது தனி ஊர். கோயில், அதைச் சுற்றி நாலு தெரு, கடற்கரைக் குப்பங்கள், இங்கேயிருந்து பட்டணத்துக்குப் போவதையே பயணம் என்று சொல்வார்களாம். சென்னை மாநகராட்சியோடு சேர்த்தது 2011இல்தான். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு, மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டபோது, துறைமுகம் பக்கத்தில் இருக்கிறோமே என்று இங்கேயும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆயாவுக்கு அப்போது ஆறு வயசு. பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது குண்டு எதுவும் விழவில்லை, வீடு அப்படியே இருந்தது, அரிசிதான் இல்லை. பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. போர் 1945இல் முடிந்துவிட்டது என்று நாம் படிக்கிறோம். ஆயாவைக் கேட்டால் முடியவே இல்லை என்றுதான் சொல்லும். அதன் கணக்கில் ராஜாஜி 1952இல் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தபோதுதான் போர் முடிந்தது. போரில் ஜெயித்த இங்கிலாந்திலேயே முட்டை ரேஷனை எடுத்தது 1953இல் என்றால், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் வீட்டில் எப்படி இருந்திருக்கும்.

வீட்டுக் கொல்லையில் நாலு கோழி இருந்ததாம். அப்படியென்றால் முட்டைக்குப் பஞ்சமில்லை என்று நான் சின்ன வயசில் நினைத்திருக்கிறேன். நல்ல முட்டை எல்லாம் கடைக்குப் போய்விடும், அதில்தான் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் வாங்க வேண்டும். விரிசல் விட்டது மட்டும் வீட்டுக்கு. கோழி மிதித்து விரிசல் விட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் என்று ஆயா சொல்லும்போது அதன் முகமே மாறிவிடும். அந்த ஒரு முட்டை ஆறு பேருக்கு. அவித்தால் நூலை வைத்து அறுத்து நாலு துண்டு போடலாம், ஆறு போட்டால் மஞ்சள் கரு உதிர்ந்துவிடும், யாருக்கு எது என்று சண்டை. அதனால் ஆயாவின் அம்மா முந்தின நாள் மிஞ்சின காரக்குழம்பைச் சுட வைத்து, முட்டையைப் பொட்டுக்கடலை மாவோடு அடித்து மேலே ஊற்றிவிடுவார்களாம். எல்லோர் தட்டிலும் ஒரு துண்டு விழும். இன்னொரு வழி முருங்கைக்கீரை. இரண்டு கை கீரையை வதக்கி அதில் ஒரு முட்டையை உடைத்துக் கிளறினால் ஒவ்வொரு இலையிலும் முட்டை ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்கு நிறைய இருக்கும், வயிற்றுக்கும் போதும். எங்கள் அம்மா இன்றைக்கும் கீரையை அப்படித்தான் செய்கிறார்கள். குழம்புதான் கை மாறாமல் போய்விட்டது.

அதனால் அக்காவிடம் கேட்டேன், உங்களுக்கு இது யார் சொல்லிக் கொடுத்தது என்று. மாமியார் என்றார். மாமியார் ரங்கூனில் பிறந்தவர். போர்க்காலத்தில் லட்சக்கணக்கான பேர் அரக்கான் பக்கமும் மணிப்பூர் பக்கமும் காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்தார்களே, அதில் இவர்கள் குடும்பம் கிளம்பவில்லை, ஜப்பான்காரன் இருந்த மூன்று வருஷமும் ரங்கூனிலேயே இருந்திருக்கிறார்கள். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கப்பல் ஏறி இங்கே வந்தது. வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் இப்படி வந்தவர்கள் எத்தனையோ குடும்பம். பாரிமுனையில் பர்மா பஜார் வந்ததும் 1969இல் இவர்களால்தான். மொய்ங்காவைக் கெட்டியாக்க வறுத்த கடலை மாவு கரைத்து ஊற்றுவது பர்மாக்காரர்கள் வழக்கம். மாமியார் வீட்டில் பஞ்ச காலத்தில் அதே மாவை முட்டையிலும் கலந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பொட்டுக்கடலை, அங்கே வறுத்த கடலை மாவு. ஒரே வருஷங்களில் வங்காள விரிகுடாவின் இரண்டு கரையிலும் ஒரு முட்டையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா இதையே யோசித்திருக்கிறார். எனக்கு இதைக் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அக்கா என்னைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

சரி, கடைக்கு வருகிறேன். மற்ற அயிட்டங்கள்.

மசாலா முட்டை நன்றாக இருக்கிறது. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கொத்தமல்லி வைத்துத் தருவார்கள், ஒரே வாயில் போட்டுவிட வேண்டும், 20 ரூபாய். மொய்ங்காவும் பரவாயில்லை. அத்தோ சுமார்தான். எண்ணெய் தூக்கலாக விடுகிறார்கள், முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டுக் கடைசியில் தட்டில் தேங்குகிறது. கையால் பிசையும்போது இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பிசைந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். கூடவே தரும் வாழைத்தண்டு சூப் ஏழு மணிக்கு முன்னால் நன்றாக இருக்கும், கூட்டம் ஏற ஏற அதில் வெந்நீரும் ஏறும். எட்டரைக்கு மேல் வாங்கினால் மிளகுத் தண்ணீர்.

உட்கார ஏழு ஸ்டூல், அதில் இரண்டு ஆடும். மழை பெய்தால் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், அன்றைக்குப் போகாதீர்கள். குடிக்கத் தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டு போங்கள். ஒரு வெள்ளிக்கிழமை குழம்பில் உப்பு அதிகமாக இருந்தது, சொன்னேன், அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாக்குவாதம் எதுவும் செய்யாமல் சட்டியையே இறக்கி வைத்துவிட்டார். அன்றைக்கு அதற்கு அப்புறம் வந்த யாருக்கும் குழம்பு தரவில்லை. நான் பார்த்த கடைகளில் இது அபூர்வம்.

பார்சல் விஷயம்தான் எனக்கு உண்மையில் பிடிக்காதது. கொதிக்கிற குழம்பை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுத் தருகிறார்கள். உடம்புக்கும் நல்லதில்லை, வீடு போவதற்குள் முட்டை அடை தூள் தூளாகிவிடுகிறது. தூக்குச் சட்டி கொண்டு போனால் சந்தோஷமாக அதில் ஊற்றித் தருகிறார்கள்.

வீட்டில் செய்து பார்க்கலாம் என்கிறவர்களுக்கு, நான் இரண்டு தடவை கெடுத்த பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது முட்டையை விட்டால் சிதறி நுரையாகிவிடும். முழுதாகக் கொதித்து முடித்து, தீயைக் குறைத்து, குமிழி ஓரத்தில் மட்டும் வரும்போது விட வேண்டும். புளி நன்றாக இருக்கட்டும், புளிப்பு இருந்தால் வெள்ளைக்கரு சீக்கிரம் கட்டிக்கொள்கிறது. பழைய முட்டை பரவிப் போகும். தண்ணீரில் போட்டுப் பாருங்கள், படுத்தால் புதுசு, நின்றால் கொஞ்சம் பழசு, மிதந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கலக்கி ஊற்றுவதற்கு ஒரு முட்டைக்கு ஒரு ஸ்பூன் மாவுதான் கணக்கு, அதற்கு மேல் போனால் பஜ்ஜி மாவு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் அந்தக் கிண்ணம். நேராகச் சட்டியில் உடைக்காதீர்கள். போன வருஷம் மொத்த விலைக் கடை ஒன்றில் விரிசல் விட்ட முட்டை விலை குறைவு என்று ஒரு அட்டை வாங்கி வந்தேன், ஆயா வழியில் சிக்கனம் பண்ணுகிறோம் என்ற நினைப்பு. ஆயா வீட்டில் விரிசல் விட்டது அன்றைக்குக் காலையில் விட்டது, அன்றைக்கே வெந்துவிடும். கடையில் இருப்பது எப்போது விட்டது என்று யாருக்குத் தெரியும். மூன்றாவது முட்டை அழுகல். நேராகக் குழம்பில் விழுந்தது, ஐந்து பேருக்கு வைத்த குழம்பு, பூண்டு உரித்தது, புளி கரைத்தது எல்லாம் சாக்கடையில் போனது. அன்றைக்கு ராத்திரி பிள்ளைகளுக்கு ஊறுகாயும் மோர்சாதமும்தான். அதற்கு அப்புறம் அந்த மாதிரி முட்டை வாங்குவதில்லை, வீட்டில் கை தவறி விரிசல் விட்டதை மட்டும் உடனே நன்றாக வேக வைத்துவிடுகிறேன். அக்கா கிண்ணத்தில் உடைத்து முகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இதுதான்.

செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்குச் சட்டி காலியாகிவிடும். கலக்கி ஊற்றினது வேண்டுமென்றால் போனவுடனே சொல்லிவிட வேண்டும், கூட்டம் ஏறிவிட்டால் அடுப்பு ஒழியாது. போன வாரம் தூக்கில் வாங்கி வந்து ஒரு துண்டை எடுத்து வைத்து, மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். எங்கே வாங்கினது என்று கேட்கவில்லை, மிச்சக் குழம்பு இருக்கா என்றுதான் கேட்டார்கள்.