2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம்: டீக்கடையில்தான் சோதனை

தருமபுரி நாலு ரோடு பக்கம் மெடிக்கலில், புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்தை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். 4 மில்லிகிராமுக்குத்தான் டாக்டர் சீட்டு வேண்டும். நல்ல சாமான். ஆனால் வீட்டில் சண்டை போட்ட கோபத்தில் சிகரெட் பாக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, அன்றைக்கே போய் இதை வாங்குகிறவர் பெரும்பாலும் அரை அட்டையோடு நின்றுவிடுகிறார். காரணம் கம்மில் இல்லை. இது எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. கடையில் மிட்டாய் மாதிரி எடுத்து நீட்டுகிறார்கள்.

சிகரெட் புகையில் இருக்கும் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். கம்மிலிருந்து அது கன்னத்து உள்தோல் வழியாக மெதுவாக இறங்கி, உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். ஆகவே தம் போட்ட அந்த ‘ஜிவ்’ இதில் வராது. நடுக்கத்தையும் எரிச்சலையும் தாங்குகிற அளவுக்குக் குறைக்கும், அவ்வளவுதான். இதை முன்கூட்டியே மனசில் ஏற்றிக்கொண்டவருக்கு ஏமாற்றம் இருக்காது.

மெல்லும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வாயில் போட்டு மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை கடித்தால் மிளகு பட்டது போல நாக்கு சுருக்கென்று இருக்கும். அந்த நொடியே மெல்லுவதை நிறுத்தி, கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்க ஒரு நிமிடம் ஆகும். திரும்ப நாலைந்து கடி, இந்த முறை அடுத்த கன்னத்தில் ஒதுக்கல். இப்படி ஒரு கம்முக்கு அரை மணி நேரம். வெற்றிலை மெல்லுவது போல நொறுக்கி எச்சிலை விழுங்கினால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். ‘எனக்கு ஒத்துக்கலை’ என்று விடுகிறவர்களில் பலர் இப்படி மென்றவர்கள்தான்.

இதன் பெரிய குறை டீக்கடையில்தான் தெரியும். வாய் புளிப்பாக இருந்தால் நிக்கோட்டின் தோலில் சரியாக இறங்காது. டீ, காபி, கலர், ஜூஸ் எது குடித்தாலும் 15 நிமிடம் கழித்துத்தான் கம் போட வேண்டும். மதியம் களியோடு புளிக்குழம்பு சாப்பிட்டாலும் அதே கணக்கு. நம் ஊரில் டீயும் தம்மும் ஜோடி. கிளாஸைக் கையில் வாங்கியதும் விரல் தானாகப் பெட்டிக்கடைப் பக்கம் நீளும். அந்த நேரத்தில் கம் கைகொடுக்காது. அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்குத்தான், புகையை நிறுத்தும் தேதிக்கு முன்னால் இரண்டு வாரம். முதல் மூன்று நாள் எதையும் குறைக்க வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டைப் பாக்கெட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்து, ஒவ்வொன்றைப் பற்றவைக்கும் முன்பும் மணி, இடம், பக்கத்தில் யார் என்று எழுத வேண்டும். பீடி என்றால் கட்டோடு சீட்டு. எழுந்த அரை மணிக்குள் முதல் தம் என்றால் பிடிமானம் அதிகம். 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றவற்றில் பாதி வெறும் பழக்கமாக இருப்பதைச் சீட்டே காட்டிவிடும். அடுத்து டீயைத் தம்மிலிருந்து பிரிப்பது: உட்கார்ந்து குடிக்கிற கடைக்கு மாறலாம், கையில் பன் வைத்துக்கொள்ளலாம், குடித்ததும் வாய் கொப்பளித்துவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடலாம். ஒரு தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும்.

டீயின் எண்ணிக்கையையும் பாதியாக்குங்கள். புகை நின்றதும் உடம்பு காபீனை மெதுவாகத்தான் வெளியேற்றும். அதே ஆறு டீ இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். தம் இல்லாததால் வந்தது என்று அதன்மேல் பழி போடுவோம்.

தேதியைக் கல்யாணம், கோயில் திருவிழா, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற நாள் இவற்றில் வைக்காதீர்கள். ஓசூர் கம்பெனிக்குப் போகிறவர்கள் நைட் ஷிஃப்ட் மாறுகிற வாரத்தையும் தவிர்க்கலாம். நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள்தான் கடுமையாக இருக்கும். அது ஓய்வு நாளில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பாக்கெட்டிலேயே 2018 முதல் அச்சாகிவரும் 1800-11-2356 இலவச எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம். தேதி குறிக்கும் முன்பே கூப்பிடுவது நல்லது.

கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கம்மைத் தொட வேண்டாம். பல்செட்டில் இது ஒட்டிக்கொள்ளும்.

அளவு: முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நாலு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. செலவை மிச்சம் பிடிக்க நாளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்துவதுதான் முதல் வாரத்திலேயே திரும்பப் பற்றவைக்க வைக்கிறது. மென்று முடித்த கம்மிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். காகிதத்தில் சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத குப்பைத் தொட்டியில் போடுங்கள்.