கூட்டிக் கழிக்கிறதா, படம் போடுறதா?

பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டுப் பதினோராம் வகுப்புப் பையனோடு உட்கார்ந்தபோது வந்த கேள்வி: சேர்மத்தில் ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக (+) அல்லது பெற்றதாக (-) கணக்கு என்று சொல்லும் ஆக்சிஜனேற்ற எண்ணுக்கு, விதிக்கணக்கா, அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் பிணைப்புப் படமா? கிணற்றில் போடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு விதியே போதும். பொட்டாசியம் +1, நான்கு ஆக்சிஜனுக்குத் தலா -2 வீதம் -8, மொத்தம் பூஜ்யம் வரணும், அப்போ மாங்கனீசு +7, அரை நிமிட வேலை. ஆனால் ஒரு குரோமியமும் ஐந்து ஆக்சிஜனும் உள்ள குரோமியம் பெராக்சைடுக்கு அதே கணக்கைப் போட்டான், +10 வந்தது.

“அண்ணே, குரோமியத்துக்குக் கொடுக்க ஆறு எலக்ட்ரான்தானே இருக்கு?” என்று அவனே முழித்தான்.

படம் போட்டால்தான் நான்கு ஆக்சிஜன் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்பது தெரிகிறது. ஜோடிக்குள் ஒன்றிடமிருந்து ஒன்று எலக்ட்ரானைப் பறிக்காது என்பதால் அவற்றுக்குத் தலா -1, மிச்ச ஒன்றுக்கு -2, ஆக குரோமியம் +6. என் ஓட்டு படத்துக்குத்தான், என்ன, பரீட்சையில் அதற்கு நேரம் எங்கே இருக்கு!