2 மீற்றரா, 40 மீற்றரா? மலைநாட்டுக்கு எது கைகொடுக்கும்

ஹேம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு, பரீட்சைக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த செட் வாங்கலாம்?" யாரோடு பேசப் போகிறாய், நடுவில் எத்தனை மலை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். 2 மீற்றர், 40 மீற்றர் என்பவை அலையின் நீளத்தை வைத்துப் பெயரிட்ட பாண்டுகள், அதாவது மீடிறன் பகுதிகள்.

145 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் 2 மீற்றர் கையடக்க செட் மலிவானது. 5 வாற்று, அரை மீற்றர் அன்டனா, சட்டைப்பையில் அடங்கிவிடும். ஆனால் அந்த அலை டோர்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். அப்புத்தளையில் ரோட்டோரம் நின்றால் தெற்கே சமவெளி திறந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் வெகுதூரம் எட்டும். அதே செட்டோடு லயத்துக்கு இறங்கினால் கதை முடிந்தது. ஒருமுறை மூன்று கிலோமீற்றர்கூட இல்லாத பக்கத்துத் தோட்டத்து நண்பரைக் கூப்பிட்டேன், இரைச்சல் மட்டுமே வந்தது. அவர் கோயில் மேட்டுக்கு ஏறிய பிறகு, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுபோல் கேட்டது. உச்சியில் ரிப்பீட்டர், அதாவது கேட்டதைத் திரும்ப ஒலிபரப்பும் நிலையம், இருந்தால் இந்தக் குறை தீரும். ஆனால் புயலில் அதற்கும் மின்சாரம் வேண்டுமே.

40 மீற்றர் பாண்டுக்கு அன்டனாவாக 20 மீற்றர் நீளக் கம்பி போதும். நான் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில், ஐந்து மீற்றர் உயரத்தில் கட்டியிருக்கிறேன். இவ்வளவு தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், வானத்து உச்சியில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயன மண்டலத்தில் பட்டு, குடை விரித்ததுபோல் திரும்பி விழும். மலை குறுக்கே நிற்க இடமே இல்லை. பகலில் கண்டியும் யாழ்ப்பாணமும் ஒரே தெளிவில் கேட்கும். செட் விலை கூட, பெரிய பெட்டரியும் வேண்டும். அப்படியிருந்தும் பள்ளத்தாக்கில் வாழ்கிறவருக்கு என் வாக்கு 40க்குத்தான். இரவில் 40 கைவிட்டால் 80 மீற்றர் உண்டு, ஆனால் அதற்குக் கம்பி இரட்டிப்பு நீளம், இடிமழைக் காலத்தில் காது வலிக்கும்.

செட் வந்த பிறகுதான் பெரிய குழப்பம் தொடங்குகிறது. அனுமதி வேறு, பாண்ட் பிளான் வேறு. அனுமதி சட்டம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தரும் அனுமதிப்பத்திரத்தின் தரத்தைப் பொறுத்தே உங்களுக்குரிய மீடிறன்களும் வலுவும் அமையும். பாண்ட் பிளான் என்பது அந்த எல்லைக்குள் யார் எங்கே உட்காருவது என்று ஹேம்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க அட்டவணையைச் சுவரில் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்கா இரண்டாவது, நாம் மூன்றாவது. அங்கே 40 மீற்றர் 7.300 மெகாஹேர்ட்ஸ் வரை போகும், நம் வலயத்தில் 7.200உடன் முடிகிறது. அதற்கு மேல் ஒலிபரப்பு நிலையங்கள். 7.100க்கு மேலுள்ள பகுதியை அவை நம் வலயத்தில் விட்டுக்கொடுத்ததே 2009 மார்ச்சில்தான்.

எல்லைக்குள் நின்றும் தவறலாம். 40இல் குரலுக்குக் கீழ்ப்பக்கப் பட்டையைப் பயன்படுத்துவது வழக்கம். பாண்ட் தொடங்குவது 7.000இல். டயல் 7.001 என்று காட்டினால், குரல் 3 கிலோஹேர்ட்ஸ் கீழே பரவி 6.998 வரை போய்விடும். டயல் உள்ளே, குரல் வெளியே. அது சட்டமீறல். பாண்ட் பிளானை மதிப்பவருக்கு இந்த ஆபத்தே வராது, ஏனென்றால் அடிப்பகுதி மோர்ஸ்காரர்களுக்குரியது.

மாறாக, 7.110இல் மணிக்கணக்காக ஊர்க்கதை பேசினால் சட்டம் உங்களைப் பிடிக்காது. ஆனால் மூன்றாம் வலயத்தின் பாண்ட் பிளான் அந்த மீடிறனை அவசரகாலத் தொடர்புக்கான மையமாகக் குறித்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத நாம், அந்த இடத்தை வெறும் உடன்பாடுதானே என்று விட்டுவிட முடியாது.

என் செட்டின் முகப்பில் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டொன்று ஒட்டியிருக்கிறேன். அதில் பேனாவால் எழுதியது இரண்டே எண்கள். 7.200க்குப் பக்கத்தில் ‘வேலி’ என்றும், 7.110க்குப் பக்கத்தில் ‘முதலில் கேள்’ என்றும் இருக்கிறது.