ஆறு வருடமாக ஹாரிஸ்-வில்சன் மாடல்: கோடு போடுவதுதான் தலைவலி

வேளச்சேரியில் பாத்திரக் கடை போடலாமா, தி.நகரிலேயே இடம் பார்க்கலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். "எந்தக் கடைப்பகுதி வளரும், எது சுருங்கும்னு கணக்குப் போட ஆறு வருஷமா அந்த ஹாரிஸ்-வில்சன் மாடலை ஓட்டுறியே, அது சொல்றதை நம்பலாமா?"

மக்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்று கணக்கிடும் ஹஃப் மாடல் தெரிந்தவர்களுக்கு அடிப்படை பழக்கம்தான்: கடைப்பரப்பு ஆட்களை இழுக்கும், பயணச் செலவு தடுக்கும். 1978-ல் ஹாரிஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வகை மாடலில் காலத்தைச் சேர்த்தார்கள். ஓர் இடத்தில் வியாபாரம் செலவை மிஞ்சினால் அங்கே கடைப்பரப்பு வளரும், குறைந்தால் சுருங்கும். பைத்தான் கணினி மொழியில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஆல்பா, அதாவது பெரிய கடைப்பகுதிக்கு மக்கள் எவ்வளவு கூடுதலாக மயங்குகிறார்கள் என்ற எண். அதை 0.9-ல் வைத்து ஓட்டினால் எல்லாப் பகுதியும் சிறிதாகவாவது பிழைத்திருக்கும். 1.1 ஆக்கினால் பல பகுதிகள் பூஜ்யத்துக்குப் போய், ஒன்றிரண்டு மட்டும் ஊதிப் பெரிதாகும். நடுவில் 1-ஐத் தாண்டும்போது மாடலின் குணமே மாறிவிடுகிறது. முதல்முறை அதைத் திரையில் பார்த்தபோது இரவு இரண்டு மணி. தூக்கமே வரவில்லை.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். மாடலுக்குள் நகரத்தை மண்டலங்களாக வெட்டித் தர வேண்டும். ரங்கநாதன் தெருவை ஒரு மண்டலம், உஸ்மான் சாலையை இன்னொன்று என்று வெட்டினேன். ஆல்பா 1-ஐத் தாண்டியதும் இரண்டும் அடித்துக்கொண்டு ஒன்று செத்தது. சேர்த்து ஒரே மண்டலமாக்கினேன், சுற்றுவட்டாரத்தையே விழுங்கியது. தரவு அதே, ஆல்பா அதே; மாறியது நான் போட்ட கோடு மட்டும்.

மாலை ஆறு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷன் படியில் நின்று பாருங்கள். சீட்டில் குக்கர், வளையல், பட்டுப்பாவாடை என்று எழுதிக்கொண்டு ஒரு அம்மா இறங்குவார். ரங்கநாதன் தெருவில் நுழைந்து, உஸ்மான் சாலையில் வெளியே வந்து, பனகல் பார்க் வரைக்கும் நடப்பார். என் கோடு அவர் காலில் தட்டுப்படாது. பக்கத்துக் கடை இருப்பதால்தான் இந்தக் கடைக்கும் அவர் வருகிறார். மாடலோ அடுத்தடுத்த மண்டலங்களைப் போட்டியாளர்களாக மட்டுமே பார்க்கிறது.

எல்லையை மாற்றி மாற்றி இருபது முறை ஓட்டிப் பார்ப்பதுதான் இன்று வரை நான் கண்ட வழி. எப்படி வெட்டினாலும் ஒரே மாதிரி வரும் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒரு வேலைக்கு அப்படி இரண்டு தேறினால் பெரிது.

கடைகள் ஏன் கூடுகின்றன, ஏன் திடீரென்று கலைகின்றன என்று புரிய இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. ஆனாலும் நண்பருக்கு "அட்வான்ஸ் கொடுக்க இதை நம்பாதே" என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி போய், பாத்திரம் வாங்கியவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று இருவரும் நின்று எண்ணப்போகிறோம்.