வேனில் இரண்டாவது பேட்டரி: ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

வேனுக்குள் ஒரு 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ஒரு ஃபேன், இரண்டு எல்இடி விளக்கு என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலில் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய பாதி நேரம் ஓடும். ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும். நாளொன்றுக்கு அதற்கு மட்டும் 45 ஏஎச் (ஆம்பியர்-மணி), ஃபேனையும் சேர்த்தால் 60 ஏஎச். இதை ஸ்டார்ட்டர் பேட்டரியில் எடுத்தால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். எனவே இரண்டாவது பேட்டரி ஒன்று வேண்டும், ஓடுகிற வண்டியே அதைச் சார்ஜ் செய்யவும் வேண்டும். அதற்கு ஐந்து வழிகள் புழக்கத்தில் உள்ளன. கடையில் கேட்டால் கையிருப்பில் எது இருக்கிறதோ அதுவே சிறந்தது என்பார்கள்.

எது பொருந்தும் என்பதை முடிவு செய்வது, இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்தான். ஸ்டார்ட்டர் பேட்டரியில் மல்டிமீட்டரை மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் நிலையாக நின்றால் பழைய பாணி ஆல்டர்னேட்டர். சமதளத்தில் ஓடும்போது 12.5-க்கு இறங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 15-ஐ நெருங்கினால் அது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். எரிபொருளை மிச்சப்படுத்த இன்ஜின் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை ஏற்றி இறக்குகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இதைப் பார்க்கலாம். எல்லா மாடலிலும் இருக்காது. அளந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

பழைய பாணி ஆல்டர்னேட்டர், துணை பேட்டரியும் வழக்கமான லெட் ஆசிட் (ஈய-அமில) வகை என்றால் விஎஸ்ஆர் (வோல்ட்டேஜ் சென்சிட்டிவ் ரிலே) போதும். வோல்ட்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து தானே பிரியும் ரிலே இது. ஸ்டார்ட்டர் பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். இக்னிஷன் ஒயர்கூடத் தேவையில்லை. விலையில் மிச்சம் பிடிக்க ஹெட்லைட்டுக்குப் போடும் 40 ஆம்பியர் சின்ன ரிலேயைப் போடுகிறவர்கள் உண்டு. பாதி காலியான 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி சேர்ந்த நொடியில் 50 ஆம்பியருக்கு மேல் பாயலாம். அதில் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் அதன்பின் ரிலே இருந்தும் இல்லாத கணக்குதான். ராத்திரி ஃபிரிட்ஜ் ஸ்டார்ட்டர் பேட்டரியையும் சேர்த்துக் குடித்துவிடும். தொடர்ந்து 120 ஆம்பியர் தாங்கும் ரிலேயாகவே வாங்குங்கள்.

விஎஸ்ஆரின் பலவீனம் ஒயரில் தெரியும். இன்ஜினிலிருந்து பின்பக்கம் 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். 16 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயரில் 40 ஆம்பியர் ஓடும்போது 0.43 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தால் பேட்டரிக்குக் கிடைப்பது 13.8-க்கும் கீழே. 35 ஸ்கொயரில் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே. நெகட்டிவுக்குத் தனி ஒயர் இழுக்காமல் பாடி எர்த்தை நம்பலாம். ஆனால் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். ஒயரின் இரு முனையிலும், அதாவது ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள், ஒரு ஃபியூஸ் கட்டாயம். நடுவில் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கமிருந்தும் கரன்ட் வரும். ஒரே ஒரு ஃபியூஸோடு முடித்துவிடும் வேலையைப் பட்டறைகளில் நிறையவே பார்க்கலாம்.

எந்த வழியில் சார்ஜ் செய்தாலும் லெட் ஆசிட் பேட்டரிக்கு ஓர் எல்லை உண்டு. பாதி காலியான 100 ஏஎச் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் 80 சதவீதம் வரை ஏறலாம். கடைசி 20 சதவீதத்துக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பேட்டரியே கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும், நாம் எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் சரி. தினமும் ஒரு மணி நேரம் மட்டுமே ஓடும் உணவு வண்டியில் லெட் ஆசிட் ஒருபோதும் நிறையாது. தகட்டில் சல்ஃபேட் படிந்து ஓரிரு வருடத்தில் கொள்ளளவு குறைந்துவிடும். பழி ரிலேமீது விழும்.

கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விட்டு இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் டயோடு ஐசொலேட்டரை ஒரே பத்தியில் தள்ளிவிடலாம். சிலிக்கான் டயோடு 0.7 வோல்ட்டை விழுங்கும், 14.2 என்பது 13.5 ஆகும், 50 ஆம்பியரில் 35 வாட் வெறும் சூடாகப் போகும். டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வைத்த வகையில் இந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் வரும் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால் அதை உயர்த்தித் தர அதனாலும் ஆகாது.

எந்தப் பேட்டரியை இணைப்பது என்று கையால் திருப்பும் '1-2-இரண்டும்' சுவிட்ச் படகுகளில் நன்றாக வேலை செய்கிறது. வேனில் மறதிதான் அதற்கு எதிரி. இன்ஜின் ஓடும்போது தவறி 'ஆஃப்' வழியாகத் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜ் திடீரென எகிறி அதன் டயோடையும் இன்ஜின் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கெடுக்கலாம்.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியிலோ லித்தியம் பேட்டரியிலோ விஎஸ்ஆர் எடுபடாது. 12.5 வோல்ட்டில் ரிலே பிரிந்துவிடும். 15 வோல்ட் வந்தால் லித்தியத்தின் பிஎம்எஸ் (உள்ளேயிருந்து பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) கதவைச் சாத்தும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சும்மா இருக்கும்போதே அதன் வோல்ட்டேஜ் 13.2, 13.3. இன்ஜினை நிறுத்தினாலும் ரிலே 12.8-ஐப் பார்க்காது, பிரியாது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பின்பக்கப் பேட்டரியிலிருந்தும் இழுக்கப்படும். ஃபியூஸ் போகும், அல்லது பிஎம்எஸ் துண்டிக்கும்.

இங்கே டிசி-டிசி சார்ஜர்தான் சரி. உள்ளே 12 வந்தாலும் 15 வந்தாலும் வெளியே பேட்டரிக்கேற்ற 14.4 வோல்ட்டைத் தரும். அதனால் நீண்ட ஒயரின் இழப்பும் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் கணக்கை உள்பக்கத்திலிருந்து போடுங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் வெளியே தருவது 432 வாட். திறன் 87 சதவீதம் என்றால் உள்ளே எடுப்பது கிட்டத்தட்ட 500 வாட், 12.3 வோல்ட்டில் அது 40 ஆம்பியர். ஆகவே 16 ஸ்கொயர் ஒயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். மீதி 65 வாட் சூடாகும். விக்ட்ரான் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் போன்றவை கை வைக்க முடியாதபடி கொதிக்கும். செங்குத்தாக, காற்றோட்டத்தோடு மாட்டுங்கள். பானெட்டுக்குள் வைத்தால் சூட்டைத் தாங்காமல் தானே கரன்ட்டைக் குறைத்துக்கொள்ளும். கூரையில் சோலார் பேனல் உள்ளவர்களுக்கு ரெனோஜி டிசிசி50எஸ் போல எம்பிபிடி (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்) சேர்ந்த வகை இடத்தை மிச்சப்படுத்தும்.

பெரியதாக வாங்கும் ஆசையை அடக்குங்கள். லித்தியம் கேட்ட கரன்ட்டை மணிக்கணக்கில் குறையாமல் வாங்கும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றுவதால் காயில் கருகும். ஆல்டர்னேட்டர் லேபிளில் உள்ள எண்ணில் பாதிக்கு மேல் சார்ஜர் இழுக்கக் கூடாது. ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் மீதிப் பாதியில்தான் ஓட வேண்டும். 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 30 ஆம்பியர் சார்ஜர் போதும். 20 சதவீதத்தில் இருக்கும் 100 ஏஎச் லித்தியத்தை அது மூன்று மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும்.

இணைக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியில் வோல்ட்டேஜை வைத்து இன்ஜின் ஓடுகிறதா என்று சார்ஜர் ஊகிக்க விடாதீர்கள். இக்னிஷன் ஆனில் உயிர்பெறும் ஒயரை அதன் ட்ரிக்கர் முனையில் கொடுங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பில் சென்சார் இருந்தால் சார்ஜரின் நெகட்டிவைப் பேட்டரி முனையில் நேராகக் கட்டாமல் பாடியில் கட்டுங்கள். இல்லையென்றால் போகும் கரன்ட் சென்சார் கண்ணில் படாது, இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கு தப்பும்.

ஐந்தாவது வழி இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட் ஆக்கி அதில் சாதாரண பேட்டரி சார்ஜரை ஓட்டுவது. 88 சதவீதமும் 85 சதவீதமும் பெருகி நான்கில் ஒரு பங்கு வீணாகும். ஆனால் இரண்டும் கையில் இருந்தால் செலவில்லை, நிறுத்திய இடத்தில் பிளக் பாயிண்ட் கிடைத்தால் அதே சார்ஜர் நேராக ஓடும். இன்ஜினை நிறுத்தியதும் இன்வெர்ட்டரும் நிற்கும்படி இக்னிஷன் ரிலே ஒன்றை வைத்துவிடுங்கள்.

லாரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். 12 வோல்ட் சாமானுக்காக அதில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பது சர்வ சாதாரணம். அந்தப் பேட்டரி எப்போதும் குறையாகவே நிற்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். இரண்டும் சேர்ந்தே சாகும். 24-ஐ உள்ளே வாங்கி 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜரைத் தவிர லாரிக்கு வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டோம்.