சுவருக்குள் ஒன்பது ஆண்டுகள்: ஒரு பெட்டி கேட் 6 கேபிளோடு என் அனுபவம்

வீடு கட்டும்போதே நெட்வொர்க் கேபிளைச் சுவருக்குள் விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்து, 305 மீட்டர் கொண்ட ஒரு பெட்டி வாங்கினேன். கேட் 6, யூடிபி, சாலிட் காப்பர், 23 ஏடபிள்யூஜி (கம்பியின் தடிமனைக் குறிக்கும் அளவு). மொத்தம் பன்னிரண்டு பாயின்ட். எல்லாம் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒரு சின்ன ரேக்கில் வந்து சேரும். இப்போது ஒன்பதாவது ஆண்டு. இதற்குள் வைஃபை ரவுட்டர் மூன்று முறை மாறிவிட்டது, ஸ்விட்ச் (எல்லாக் கேபிளையும் ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் கருவி) இரண்டு முறை மாறிவிட்டது. கேபிள் மட்டும் அப்படியே இருக்கிறது. ரேக்கில் உட்காரும் கருவிகளைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், சுவருக்குள் போவதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. அதனால்தான் இந்தப் பகிர்வு.

கேபிளின் உறை மேல் ‘கேட் 6, யூடிபி, சாலிட் காப்பர்’ என்று மீட்டருக்கு மீட்டர் அச்சடித்திருக்கும் அந்த வரியை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை. எனக்கு வந்த எல்லாச் சிக்கலுக்கும் விடை அந்த வரியில்தான் இருந்தது.

முதலில் ‘கேட்’. கேட்டகரி என்பதன் சுருக்கம். பக்கத்தில் இருக்கும் எண்ணை வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்த வகை எவ்வளவு அலைவரிசையைத் தாங்கும் என்பதற்கான வரையறை அது. கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ் வரை, கேட் 6 250 வரை, கேட் 6ஏ 500 வரை. ஒரு கிகாபிட் வேகத்துக்குக் கேட் 5இயே போதும், 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். அப்படியானால் கேட் 6 வீண் செலவா? ஆறு ஆண்டுகள் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஏழாவது ஆண்டில் வேலை மேசைக்கும் கோப்புகள் சேமிக்கும் சர்வருக்கும் இடையே 10 கிகாபிட்டுக்கு மாறினேன். கேட் 6இல் 10 கிகாபிட் சுமார் 55 மீட்டர் வரை ஓடும், என் வீட்டில் மிக நீளமான ஓட்டமே 32 மீட்டர். இரண்டு முனையிலும் நெட்வொர்க் கார்டை மட்டும் மாற்றினேன், முதல் முயற்சியிலேயே இணைப்பு எழுந்துவிட்டது. சுவரை ஒரு இடத்தில்கூடக் கொத்தவில்லை. அன்றோடு அந்தச் சந்தேகம் போய்விட்டது.

அடுத்து யூடிபி. கவசம் இல்லாத முறுக்கு ஜோடி. ஜோடி ஜோடியாக முறுக்கும் யோசனைக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றார். தொலைபேசிக் கம்பிக்காகப் பிறந்த அந்த உத்திதான் இன்று கிகாபிட்டையும் சுமக்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடும். உறையை உரித்துப் பாருங்கள்: நான்கு ஜோடியும் ஒரே மாதிரி முறுக்கியிருக்காது. ஒரு ஜோடி பேசுவது பக்கத்து ஜோடிக்குக் கேட்காமல் இருக்கத்தான் அந்த வேறுபாடு.

இது புரியாமல்தான் முதல் பேட்ச் கார்டை (சுவர் ஜாக்குக்கும் கருவிக்கும் இடையே செருகும் குட்டைக் கேபிள்) நானே கிரிம்ப் செய்தேன், அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தினேன். பார்க்க அழகாக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று வரிசையாக அடுக்கி, மறுமுனையிலும் அதையே செய்தேன். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் கோப்பு நகல் தவழ்ந்தது, இணைப்பு விட்டு விட்டு வந்தது. இரண்டு நாள் ஸ்விட்ச்சைத்தான் சந்தேகப்பட்டேன். கோளாறின் பெயர் ‘ஸ்ப்ளிட் பேர்’, அதாவது பிரிந்துபோன ஜோடி. 3, 6 ஆகிய இரண்டு பின்களும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். என் வரிசையில் 3 பச்சை ஜோடியில் இருந்தது, 6 நீல ஜோடியில் இருந்தது. மலிவான டெஸ்டர் கம்பி தொடர்ந்து போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிளக்கில் கம்பிகளை அடுக்க டி568ஏ, டி568பி என இரண்டு தர வரிசைகள் உண்டு. டி568பி வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நடுவில் உட்கார, பச்சை அதன் இருபுறமும் பிரிந்து நிற்கும். ஏ, பி இரண்டில் எதுவும் சரிதான், இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாக்கில் (சுவரில் பதிக்கும் செருகுவாய்) கம்பியை அடிக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது சிசிஏ, அதாவது செம்பு பூசிய அலுமினியக் கம்பி. இரண்டாம் ஆண்டில் வெளிச்சுவரில் ஒரு கேமரா வைக்க, பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டு வேறொரு கேபிளை அளந்து வாங்கி வந்தேன். அதன் மேலும் கேட் 6 என்றுதான் இருந்தது. பகலில் கேமரா நன்றாக ஓடும். இருட்டத் தொடங்கினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அணைந்து எழும். கேமராவை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், பயனில்லை. ஒரு நாள் அந்தி நேரத்தில் ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அகச்சிவப்பு விளக்குகள் செம்மங்கலாக எரியத் தொடங்கிய அதே நொடியில் கேமரா செத்தது. கீழே வந்து மிஞ்சிய துண்டை எடுத்து ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் மேல்தோலோடு போய், உள்ளே வெள்ளி போல மின்னியது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு.

தாமிரத்தின் மின்கடத்தும் திறனில் அலுமினியத்துக்கு இருப்பது சுமார் 61 சதவீதம்தான். வெறும் தரவு மட்டும் போனால் குறுகிய தூரத்தில் இது தெரியாது. கேபிள் வழியாகவே மின்சாரமும் போகும் பிஓஇ முறையில்தான் குட்டு உடையும். 2003இல் வந்த முதல் பிஓஇ தரத்தில் ஸ்விட்ச் 15.4 வாட் தரும், கருவிக்கு 12.95 வாட் உறுதி. இடையில் உள்ளது கேபிளில் தொலையும் என்று கணக்குப் போட்டுத்தான் விட்டிருக்கிறார்கள், ஆனால் அது முழுத் தாமிரத்துக்கான கணக்கு. இரவில் விளக்கெரிய மின்னோட்டம் கூடும், கூடக் கூட மின்னழுத்தம் சரியும். என் பழைய பெட்டியில் மிச்சமிருந்த கேபிளை இழுத்து மாற்றினேன், அதன்பின் ஒரு இரவுகூட அது அணையவில்லை. 2018 தரத்தில் 90 வாட் வரை போகிறது என்பதை நினைத்தால், சிசிஏவை எந்த விலைக்கும் சுவருக்குள் விடமாட்டேன்.

சாலிட், ஸ்ட்ராண்டட் வேறுபாட்டையும் அனுபவத்தில்தான் கற்றேன். சாலிட் என்றால் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைத் தண்டு, சுவருக்குள் அசையாமல் கிடக்க ஏற்றது. ஸ்ட்ராண்டட் பல மெல்லிய இழைகள், வளைந்து நெளிய ஏற்றது. ஒரு அறையில் ஜாக் வைக்காமல் சுவரிலிருந்து வந்த சாலிட் கேபிளிலேயே பிளக்கை அடித்து நேராகக் கணினியில் செருகினேன். நான்காம் ஆண்டில் அங்கே வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கியது. மேசையை நகர்த்தி நகர்த்தி, பிளக்கின் வாயில் பழுப்புக் கம்பி ஒடிந்திருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். அதனால்தான் இணைப்பு முழுதாக அறுந்துபோகாமல் இறங்கி நின்றது. இணையம் மெதுவாக இருந்தால் முதலில் ‘லிங்க் ஸ்பீட்’ என்ன என்று பாருங்கள். 1000க்குப் பதில் 100 என்றிருந்தால் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் போயிருக்கும்.

நீளத்துக்கு, சுவரில் அதிகபட்சம் 90 மீட்டர், இருபுறமும் பேட்ச் கார்டுக்குச் சேர்த்து 10 மீட்டர் என்ற கணக்கு வீடுகளில் பெரும்பாலும் தொல்லை தராது. கவசமிட்ட கேபிளுக்கு எர்த்திங் ஒழுங்காகக் கொடுக்க முடியாவிட்டால் யூடிபியே மேல்.

மறுபடி செய்தால் மாற்றுவது மூன்று: பாயின்ட்டுக்கு இரண்டு கேபிள், இரு முனையிலும் எண் ஒட்டுதல், தோட்டத்து ஷெட்டுக்குத் தாமிரத்துக்குப் பதில் ஃபைபர். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தாமிரம் ஓடினால் இடி மின்னலால் எழும் மின்பாய்ச்சல் அதன் வழியே கருவிகளுக்கு வரும், கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. சிங்கிள் மோட் இழைதான் (ஒளி ஒரே பாதையில் போகும் வகை) வாங்கியிருக்கிறேன், ஒளி போகும் அதன் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான். பிளக் பச்சை நிறம், முனை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்தது. முனை சாய்க்காத நீலப் பிளக்கோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஷெட்டுக்குப் போகும் பைப்பில் அன்று எலக்ட்ரீஷியன் அண்ணன் விட்டுவைத்த நைலான் கயிறு இன்னும் இருக்கிறது, போன வாரம் இழுத்துப் பார்த்தேன், தடையில்லாமல் நகர்கிறது.