ஆறு டொமைன்களுக்குப் பணம் கட்டினேன். ஒன்றுகூட என் பெயரில் பதிவாகவில்லை

மன்னார்குடிக்கு அருகில் மரபு நெல் பயிரிட்டு, மாப்பிள்ளைச் சம்பாவையும் தூயமல்லியையும் அரிசியாக்கி 2014 முதல் விற்று வருகிறோம். எங்கள் கடைப்பெயரில் இரண்டே சொற்கள்: ஒன்று எங்கள் வட்டாரத்தைக் குறிப்பது, மற்றொன்று ‘நெல்’. அந்தப் பெயரில் டாட் இன் டொமைனை, அதாவது வலைத்தள முகவரியை, நானே பதிவு செய்து வைத்திருந்தேன். 2021 குறுவை அறுவடை முடிந்த சமயத்தில், வலைத்தளம் அமைத்துத் தரும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “உங்க பேரை டாட் காம்ல வேற ஒருத்தர் கேட்டிருக்கார் சார். அவர் வாங்கிட்டா டிரேட்மார்க்கும் அவருக்கே போயிடும், அப்புறம் உங்க டாட் இன்னையும் மூடச் சொல்லுவாங்க” என்றார். டாட் காம், டாட் நெட், டாட் கோ டாட் இன் என ஆறு பின்னொட்டுகளுக்கு ஐந்தாண்டுக் கட்டணமாக 42,000 ரூபாய் கேட்டார். கையில் நெல் விற்ற பணம் இருந்தது. அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்ன சட்டம் எதுவும் உண்மையில்லை. டொமைன் என்பது முதலில் கேட்டவருக்குத் தரப்படுவது. பதிவு செய்து தரும் நிறுவனம் அந்தப் பெயர் யாருடைய வணிகச்சின்னம் என்று ஆராய்வதில்லை, பதிவு செய்தவருக்கு அதனால் மட்டும் வணிகச்சின்ன உரிமை பிறப்பதும் இல்லை. சின்னத்தைப் பதிவு செய்ய 1999 ஆம் ஆண்டின் வணிகச்சின்னச் சட்டப்படி தனியே விண்ணப்பிக்க வேண்டும். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். அரிசி 30 ஆம் வகையில் வருகிறது.

மறு ஆண்டு ஐப்பசியில் சென்னையிலிருந்து ஓர் அம்மா அழைத்து, எங்கள் பெயரில் வந்த அரிசி தீட்டிய வெள்ளை அரிசியாக இருந்ததென்று வருந்தினார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் எங்களிடம் முதன்முதலாக வாங்கியவர் அவர். டாட் காமைத் திறந்து பார்த்தால் வேறொரு வணிகரின் கடை. விசாரித்தபோது ஆறும் என்னிடம் பணம் வாங்கிய அந்த முகவரின் பெயரிலேயே, அதுவும் ஓராண்டுக்கு மட்டுமே பதிவாகியிருந்தன, இரண்டு காலாவதியாகிவிட்டன, டாட் காமை அவர் விற்றேவிட்டார். ஒரு லட்சம் கொடுத்தால் திரும்ப வாங்கித் தர முயல்வதாகச் சொன்னார்.

கும்பகோணத்தில் நான் பார்த்த வழக்கறிஞர், பின்னொட்டு மாறினால் முறையிடும் இடமும் மாறும் என்பதை முதலில் விளக்கினார். டாட் இன், டாட் கோ டாட் இன் தகராறுகள், அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் நடுவர் முறைக்குப் போகும். டாட் காமுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999 இல் ஏற்ற யூ.டி.ஆர்.பி. என்ற தகராறுத் தீர்வு விதிகள். அந்த விதிகளின்படி, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவிடம் ஒரே நடுவர் முன் முறையிட 1,500 டாலர் கட்ட வேண்டும். வென்றாலும் பெயர் கைமாறும் அல்லது நீக்கப்படும், நஷ்டஈடு கிடையாது. அங்கே பெயர் நம் சின்னத்தோடு குழப்பமளிக்கும்படி ஒத்திருப்பதையும், எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை என்பதையும், அவர் தீய நோக்கத்துடன் பதிவு செய்து அவ்வாறே பயன்படுத்துகிறார் என்பதையும் சேர்த்தே நிரூபிக்க வேண்டும். சின்னம் பதிவாகாதவருக்கும் வழி உண்டு. ஒருவர் தன் பொருளை இன்னொருவருடையது போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் ‘பாஸிங் ஆஃப்’ பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் பொருந்தும் என்று சத்யம் இன்போவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எனக்கு வலித்தது அதற்குப் பிறகு வழக்கறிஞர் சொன்னதுதான். வட்டாரப் பெயரும் ‘நெல்’லும் டெல்டாவில் யாரும் பயன்படுத்தக்கூடிய சொற்கள்; மக்கள் அவற்றைக் கேட்டதும் எங்கள் கடையையே நினைக்கிறார்கள் என்று காட்டினாலொழிய எங்கள் வாதம் நிற்பது கடினம். பழைய பில்கள், திருவிழா ரசீதுகள், பை அச்சடித்த கணக்கு எல்லாவற்றையும் தேடி எடுத்து வைத்தோம். முகவர் தந்த பில்லில் ‘வாடிக்கையாளர் பெயரில் பதிவு’ என்று எழுதியிருந்ததால், நோட்டீஸ் போனதும் மீதமிருந்த மூன்றை எங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார். பணம் திரும்பவில்லை.

யாரேனும் இப்படி அவசரப்படுத்தி அழைத்தால், பணம் அனுப்பாமல், வேண்டிய பெயரை உங்கள் மின்னஞ்சலில் திறந்த கணக்கிலேயே வாங்குங்கள். ‘ரெஜிஸ்ட்ரன்ட்’, அதாவது பெயரைப் பதிவு செய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊரையும் பொருளையும் மட்டும் சேர்க்காமல் உங்களுக்கே உரிய ஒரு சொல்லை வையுங்கள்.

டாட் காம் இன்றும் அந்த வணிகரிடமே இருக்கிறது. ஏர் வரைந்த படத்தோடு எங்கள் சின்னத்திற்கு விண்ணப்பித்திருக்கிறோம். பைகளில் டாட் இன் முகவரியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். அந்த அம்மாவுக்கு முதல் பையை அனுப்பினோம்.